பழைய குரல் பதிவுகள்: இலவசக் காப்பகத்தில் ஏற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பெட்டிக்காரன் எழுதியது:

வணக்கம். ஒரு சங்கத்தின் பழைய பொருள்களை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள். பெரும்பாலும் கேசட், கொஞ்சம் பெரிய ஸ்பூல் (உறையில்லாத திறந்த நாடாச் சுருள்), அடியில் சில கறுப்புத் தட்டுகள். கூட்டங்களில் பேசிய பேச்சு இருக்கிறது, முதியவர்களிடம் எடுத்த பேட்டி இருக்கிறது, சிலவற்றில் என்ன இருக்கிறதென்று உறைமேல்கூட எழுதவில்லை. எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி இன்டர்நெட் ஆர்கைவ் மாதிரி காசு கேட்காத ஓர் இடத்தில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், என் வேலையும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எம்பி3 போதுமா? இரைச்சலை நீக்கிவிட்டு ஏற்றலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? ஏற்றி முடித்ததும் நாடாக்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? சங்கத்தில் இடமில்லை என்று நெருக்குகிறார்கள்.

நாடாச்சுருள் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தூக்கிப் போடாதீர்கள், சங்கத்தார் என்ன சொன்னாலும் சரி. தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1885 ஏப்ரலில் மெழுகு பூசிய ஓர் அட்டைத் தட்டில் தன் குரலைப் பதிந்தார். அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நூறு வருடத்துக்கும் மேல் சும்மா கிடந்தது, இயக்கிக் கேட்க வழியே இல்லை. பிறகு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் தட்டைத் தொடாமலே கேமராவால் பள்ளங்களைப் படமெடுத்து ஒலியாக்கும் முறை வந்தது, 2013-ல் பெல்லின் குரல் கேட்டது. இடைப்பட்ட காலத்தில் யாராவது "இது எதற்கு உதவும்" என்று கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இன்று நீங்கள் எடுக்கும் பிரதியைவிட நல்ல பிரதியை நாளை ஒருவர் அதே நாடாவிலிருந்து எடுக்கலாம்.

அப்புறம் வடிவம். ஒலிக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ, மூலப்பிரதியைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48 ஆயிரம் முறை ஒலியை அளப்பது), 24 பிட் (ஒவ்வொரு அளவின் நுணுக்கம்) கொண்ட வேவ் கோப்பாக, அதாவது சுருக்காத ஒலியாக, எடுக்கச் சொல்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது. ஒற்றைச் சேனல் பேச்சுக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, இன்றைய வட்டுகளுக்கு அது ஒரு சுமையே இல்லை. எம்பி3 கேட்பதற்கு மட்டும். வேவ் அல்லது ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) ஏற்றினால் இன்டர்நெட் ஆர்கைவ் தானாகவே எம்பி3 பிரதி ஒன்று உண்டாக்கிக்கொள்ளும், நீங்கள் தனியாகச் செய்யத் தேவையில்லை.

கேசட்டுகளை இயக்குவதற்கு முன் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவைத் தொடும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். யுஎஸ்பி வால் வைத்த மலிவுப் பிளேயர் வேண்டவே வேண்டாம், வேகம் நிலையாக ஓடாது. நல்ல பழைய டெக் ஒன்று தேடிப் பிடியுங்கள். முக்கியமாக ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் திருத்த வேண்டும். பதிந்த இயந்திரத்தின் சாய்வும் உங்கள் இயந்திரத்தின் சாய்வும் ஒன்றாக இருக்காது. "பழைய கேசட், மங்கலாகத்தான் இருக்கும்" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வது பாதிக்குப் பாதி இந்தச் சாய்வுக் கோளாறுதான். ஒரு சின்னத் திருகைத் திருப்பினால் ச, ஷ எல்லாம் துலங்கி வந்துவிடும்.

ஸ்பூல் விஷயம் வேறு. இயக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்து ஹெட்டில் பழுப்புப் பசை ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். 1970, 80-களில் வந்த சில நாடாக்களில் காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்துபோகிறது. அதை 50 டிகிரி செல்சியஸ் சுற்றில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினால் சில வாரங்களுக்கு இயக்கும் நிலைக்கு வரும். பழகியவர் செய்ய வேண்டிய வேலை இது. அதிலும் அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் செய்த நாடாவாக இருந்தால் சூடு காட்டவே கூடாது. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவினால் அசிடேட். வினிகர் வாசனை வந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது, அதைத்தான் முதலில் கணினிக்கு மாற்ற வேண்டும்.

சத்தமில்லை எழுதியது:

நாடாச்சுருள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் இரைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்த வேலைதான் செய்கிறேன். நடைமுறையைச் சொல்கிறேன்: உஸ்ஸென்று ஓடும் பதிவை இன்று யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்பதில்லை. ஏற்றியும் எவரும் கேட்காத பதிவால் யாருக்கு லாபம்? இப்போதிருக்கும் மென்பொருள்கள் பேச்சைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுகின்றன. இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், பேச்சு தடுமாறிய இடம் எல்லாவற்றையும் வெட்டி, கேட்கத் தகுந்ததாக ஏற்றுங்கள். மூலத்தை வேண்டுமானால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாச்சுருள் எழுதியது:

இருமலை வெட்டுவதா? ராபர்ட் பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் 1889-ல் எடிசனின் மெழுகு உருளையில் தன் கவிதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் வரி மறந்துபோய், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். சில மாதங்களில் இறந்தும்விட்டார். அந்தப் பதிவை இன்றைக்கும் ஆட்கள் தேடிக் கேட்பது அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான். சத்தமில்லை அன்றைக்கு இருந்திருந்தால் நமக்குக் கவிதையின் முதல் சில வரிகள் மட்டும் சுத்தமாகக் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். எடிசனுக்கும் முன்னால், 1860-ல், பாரீஸில் ஸ்காட் தெ மார்த்தான்வில் என்பவர் புகைக்கரி பூசிய தாளில் ஒலியின் அலைகளைக் கீறலாக எழுதவைத்தார். திரும்பக் கேட்கும் நோக்கமே அதில் இல்லை. 2008-ல் ஆய்வாளர்கள் அந்தத் தாளைக் கணினியில் படித்து ஒலியாக்கியபோது ஒரு சிறுமி பாடுவது போலக் கேட்டது, உலகமெங்கும் செய்தியானது. அடுத்த வருடமே வேகத்தை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டது தெரிந்தது. சரியான வேகத்தில் அது ஓர் ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்காட்டே பாடியது. எப்படித் திருத்த முடிந்தது? பாட்டின் கீறலுக்குப் பக்கத்திலேயே ஒரே சீராக அதிரும் ஒரு இசைக்கவையின் அதிர்வையும் அவர் எழுதவைத்திருந்தார். பாட்டுக்கு அது வெறும் இரைச்சல். அதை "சுத்தம்" செய்திருந்தால் இன்றும் சிறுமி என்றே சொல்லிக்கொண்டிருப்போம். கேசட்டில் கேட்கும் மின்சார உறுமலும் அப்படித்தான், 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய உறுமல் 52-ல் இருந்தால் நாடா வேகமாக ஓடுகிறதென்று கணக்குப் போடலாம்.

சத்தமில்லை எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது. மூலத்தை அழிக்கச் சொல்லவில்லையே நான். ஏற்றுவது எது என்பதுதான் பேச்சு.

நாடாச்சுருள் எழுதியது:

இரண்டையும் ஏற்றட்டும், ஒரே பக்கத்தில். தொடாத மூலம் ஒன்று, கேட்பதற்குச் சீர்செய்தது ஒன்று, எதை எந்த மென்பொருளால் செய்தோம் என்று ஒரு வரி. "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பதில்தான் எனக்குச் சண்டை. வீட்டில் வைத்தது வட்டு செத்தால் அதோடு போகும், அப்புறம் உலகத்தில் மிஞ்சுவது உங்கள் மென்பொருள் ஊகித்த குரல் மட்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இரைச்சலை நீக்குவதோடு நிற்பதில்லை, கேட்காத ஒலியைத் தாமாகவே இட்டு நிரப்புகின்றன. அந்த எழுத்தை அந்த மனிதர் சொன்னாரா, கருவி சொன்னதா என்று யாராலும் பிரிக்க முடியாது.

வாய்மொழி எழுதியது:

ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பேசுபவர் யாரென்று எழுதாத ஒலியால் பயன் குறைவு. நாடாச்சுருள் சொன்ன அதே பெல் கதையின் இன்னொரு பாதி இது: தட்டிலிருந்து வந்தது பெல்லின் குரல்தான் என்று எப்படித் தெரிந்தது? தட்டோடு ஒரு தாள் இருந்தது, பேசியதை எழுதி, தேதியிட்டு, பெல் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒலியும் தாளும் பொருந்தின. அதற்கு நேரெதிர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன். அவர் குரல் என்று ஒரு பதிவு சுற்றுகிறது, 1951-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பானது. மூல உருளை இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்தானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அதனால் பெட்டிக்காரன், இயந்திரத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆட்களைத் தேடுங்கள். நாடா இன்னும் சில வருடம் தாங்கலாம், அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடிய மனிதர் தாங்குவார் என்று நிச்சயமில்லை. சங்கத்தின் மூத்தவர்களை உட்காரவைத்து, வெறும் தொலைபேசியில் எடுத்த தற்காலிகப் பிரதியைப் போட்டுக் காட்டுங்கள், யார், எங்கே, எந்த வருடம், பின்னால் கேட்கும் இரண்டாவது குரல் யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். யார் அடையாளம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். உறுதியில்லாதபோது உறுதியில்லை என்றே எழுத வேண்டும், ஊகத்தை உண்மை மாதிரி ஒரு முறை காப்பகத்தில் எழுதிவிட்டால் அதை நூறு பேர் நகலெடுத்துவிடுவார்கள், பிறகு திருத்தவே முடியாது. உறையில் இருக்கும் கிறுக்கல், சீட்டு, அடித்துத் திருத்திய தேதி எல்லாவற்றையும் படமெடுத்து ஒலியோடு சேர்த்து ஏற்றுங்கள்.

தானியங்கி எழுத்தாக்கம் வைத்து உரையை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம், தேடுவதற்கு உதவும். ஆனால் அமைதியான இடங்களில் அந்தக் கருவிகள் யாரும் பேசாத வாக்கியங்களைச் சொந்தமாக எழுதிவிடும். ஒரு மனிதர் காதால் கேட்டுச் சரிபார்க்காத உரையைச் சரிபார்க்காதது என்று குறிப்பிட்டே போடுங்கள்.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

அனுமதி பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. ஒரு பேச்சுப் பதிவில் உரிமை ஒன்றல்ல. பேசிய சொற்கள் பேசியவருக்கு, பதிவு பதிந்தவருக்கு, இடையில் யாராவது பாடினாலோ வாசித்தாலோ அவருக்கும் ஒரு பங்கு. நாடா உங்கள் கையில் இருப்பதால் உரிமை உங்கள் கையில் இருக்கிறதென்று அர்த்தமில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர் முன்னால் பேசிய பேச்சுக்குக்கூட அவர் குடும்பம் பதிப்புரிமை கோரியது. சிபிஎஸ் தொலைக்காட்சியோடு நடந்த வழக்கில் 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவில் பேசியதாலேயே உரிமை போய்விடாது என்று குடும்பத்தின் பக்கம் நின்றது.

கால அளவு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டத்தின்படி 1923-க்கு முன் வெளியான பதிவுகளெல்லாம் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின, அதன் பிறகு வந்தவை படிப்படியாக விடுபடுகின்றன. உங்கள் பெட்டியில் இருப்பது வெளியிடாத பதிவுகள், அது இன்னும் சிக்கல், பேசியவரின் ஆயுளோடு சேர்த்துக் கணக்கிட வேண்டி வரும். காப்பகம் இலவசம் என்பது வழக்கிலிருந்து காப்பாற்றாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை இலவசமாக ஏற்றியதற்காக இசை நிறுவனங்கள் 2023-ல் இன்டர்நெட் ஆர்கைவ் மேலேயே வழக்குப் போட்டன, பிறகு சமரசத்தில் முடிந்தது.

பயப்படச் சொல்லவில்லை. சங்கக் கூட்டப் பேச்சுக்கு யாரும் நீதிமன்றம் போகமாட்டார்கள். ஆனால் பேசியவரையோ அவர் பிள்ளைகளையோ கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். ஏற்றும்போது உரிமம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் உங்களுக்கு இல்லாத உரிமையை நீங்கள் கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவின் பட, ஒலிக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற நினைத்தால், வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதிக்கும் உரிமம் இருந்தால்தான் அவர்கள் ஏற்பார்கள். பேட்டி கொடுத்தவருக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டும்.

பெட்டிக்காரன் எழுதியது:

நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். சில பேட்டிகளில் முதியவர்கள் மற்றவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். சண்டை, பணம், யார் யாரை ஒதுக்கிவைத்தார்கள் என்றெல்லாம். பேசியவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், பேசப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு நாடாவில் பதிந்தபோது இணையம் என்ற ஒன்றே கிடையாது. இதையும் ஏற்றலாமா?

எல்லாம்திற எழுதியது:

ஏற்றுங்கள். பூட்டிவைத்த பதிவு செத்த பதிவு. "உணர்வுபூர்வமானது" என்று சொல்லிப் பெட்டியில் போட்டதெல்லாம் கடைசியில் கரையானுக்குத்தான் போயிருக்கிறது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் பதிந்த பேச்சுகள், தமிழ் உட்பட, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இன்று யாரும் கேட்கலாம். நூறு வருடம் முந்தைய உச்சரிப்பை ஒரு மாணவர் வீட்டிலிருந்தே கேட்கிறார். திறந்துவைத்ததால்தானே? எல்லோரிடமும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் என்று காத்திருந்தால் ஒரு நாடாவும் ஏறாது.

வாய்மொழி எழுதியது:

நீங்கள் சொல்லும் பதிவுகளில் மாதிரிக்காகக் கொடுத்த கதையைத்தான் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அல்ல. இரண்டும் ஒன்றில்லை.

முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் போர்க்கைதிகளின் மொழிகளையெல்லாம் தட்டுகளில் பதிந்தார்கள், இந்தியச் சிப்பாய்களின் குரலும் அதில் இருக்கிறது. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகம் அதைப் பாதுகாக்கிறது. முகாமில் அடைபட்டிருந்த ஒருவரிடம் ஒலிவாங்கியை நீட்டியபோது அவர் மனமுவந்து பேசினார் என்று சொல்ல முடியுமா? அந்தக் குரல்கள் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், அவை இல்லையென்றால் அந்த மனிதர்கள் பேசிய ஒரு சொல்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் எப்படி எடுத்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் அவற்றை வெறும் "பழைய குரல்" என்று போடுவது இரண்டாவது முறை அவர்களைக் கைதியாக்குவது.

பூட்டுவதிலும் ஆபத்து உண்டு, அது எல்லாம்திற நினைக்கும் ஆபத்து மட்டும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களிடம் பேட்டி எடுத்தது. "நீங்கள் சாகும்வரை வெளியே வராது" என்ற உறுதியோடு பேசவைத்தார்கள். 2011-ல் பிரிட்டிஷ் காவல்துறைக்காகச் சட்டப்படியான அழைப்பாணை வந்தது, சில நாடாக்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று. காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் செய்வது: மூலம் முழுவதையும் டிஜிட்டலாக்கிப் பாதுகாப்பேன், ஒரு நொடிகூட வெட்டமாட்டேன். பொதுவில் ஏற்றுவது அதில் ஒரு பகுதி. உயிரோடிருக்கும் மூன்றாம் ஆளைப் புண்படுத்தும் இடம் வந்தால் அந்தப் பேட்டியை இத்தனை வருடத்துக்குப் பிறகு திறக்கலாம் என்று தேதி எழுதி வைப்பேன். தேதி எழுதாமல் "பிறகு பார்க்கலாம்" என்று வைத்தால்தான் கரையான் வரும். பொதுக்கூட்டப் பேச்சுகளில் இந்தத் தொல்லை இல்லை, முதலில் அவற்றை ஏற்றத் தொடங்குங்கள். இன்னொரு விஷயம், சில நிமிடக் குரல் கிடைத்தாலே போலிக் குரல் உண்டாக்கிவிடும் காலம் இது. குடும்பத்திடம் அனுமதி கேட்கும்போது அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லாம்திற எழுதியது:

தேதி எழுதி வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். தேதி 75 வருடம் என்று இருந்தால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மூன்றாம்பிரதி எழுதியது:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். "ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது" என்ற வரி கண்ணை உறுத்துகிறது. இலவசத் தளம் என்பது ஒரு பிரதி, அவ்வளவுதான். மைஸ்பேஸ் 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களெல்லாம் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று 2019-ல் சொன்னது. சரி, அது வணிகத் தளம். பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை 2023 அக்டோபரில் இணையவழியாகத் தாக்கினார்கள், ஒலித்தொகுப்புத் தளம் உட்பட பல சேவைகள் நீண்ட நாள் கிடைக்கவில்லை. இன்டர்நெட் ஆர்கைவையே 2024 அக்டோபரில் தாக்கி, 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்கு விவரங்களைத் திருடினார்கள், தளம் பல நாள் படுத்துவிட்டது. ஏற்றிய கோப்புகள் தப்பின என்பது நம் நல்ல நேரம். நான் இன்டர்நெட் ஆர்கைவைக் குறை சொல்லவில்லை, 1996-ல் தொடங்கிய அமைப்பு அது, இவ்வளவு காலம் காசில்லாமல் தருபவர்கள் அரிது. ஆனால் அதை மட்டும் நம்பி உங்கள் வட்டை அழித்துவிடாதீர்கள்.

மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு வட்டில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில், மூன்றாவது இணையத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஓர் உரைக்கோப்பில் வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். வட்டு சத்தமில்லாமல் ஒரு கோப்பைக் கெடுத்திருந்தால் அப்போதுதான் தெரியும். கோப்புப் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக எழுதுங்கள். ஆர்கைவில் ஒரு பதிவுக்கு முதலில் கொடுக்கும் முகவரிப் பெயரைப் பிறகு மாற்ற முடியாது, தலைப்பு, விளக்கம் எல்லாம் மாற்றலாம். அதனால் யார் பேச்சென்று தெரியாத நாடாவுக்கு ஊகித்த பெயரை முகவரியில் போடாமல் பெட்டி எண்ணைப் போடுங்கள். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கும் தனி மின்னஞ்சலும் தொடங்குங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கினால், நீங்கள் பொறுப்பைவிட்டுப் போனதும் யாராலும் எதையும் திருத்த முடியாது.

பெட்டிக்காரன் எழுதியது:

சரி. இந்த வாரம் மூத்தவர்கள் இருவரிடம் பேசுகிறேன். கூட்டப் பேச்சுகள் முதலில், பேட்டிகள் பிறகு. நாடாக்களை வைக்கச் சங்கத்தில் ஓர் அலமாரி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: அடியில் இருந்த தட்டுகளை இன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் வெள்ளையாகப் பொடி மாதிரி படிந்திருக்கிறது, ஓரத்தில் உள்ளே உலோகம் மின்னுகிறது. நிறுவனத்தின் பெயர் அச்சிடவில்லை, கையால் எழுதிய சீட்டுதான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இருக்கும் ரெக்கார்டு பிளேயரில் போட்டுப் பார்க்கலாமா?

நாடாச்சுருள் எழுதியது:

ஐயோ, ஸ்பிரிட் வேண்டாம்! சாதாரண 78 தட்டு ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனது, அது ஆல்கஹாலில் கரையும். உங்களிடம் இருப்பது அதைவிட மென்மையானது, அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசி, அதில் ஒலியை நேரடியாக வெட்டிய தட்டு. கடையில் விற்றதல்ல, பெரும்பாலும் உலகத்தில் அந்த ஒன்றுதான் இருக்கும். வெள்ளைப் பொடி பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு, பூச்சிலிருந்து கசிந்து வரும் கொழுப்பு அமிலமாகத்தான் இருக்கும், பூச்சு சுருங்கிக்கொண்டிருக்கிறதென்று பொருள். சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் வெடித்து உதிரும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

அவற்றில் ஊசியே வைக்காதீர்கள். உங்கள் பிளேயரின் ஊசி பிற்கால எல்பி இசைத்தட்டுக்கானது, தட்டின் பள்ளம் அதற்குப் பொருந்துமா என்று தெரியாது, ஒரு முறை உழுதுவிட்டால் போயிற்று. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் செங்குத்தாக நிறுத்திவையுங்கள், இரண்டு பக்கமும் சீட்டோடு சேர்த்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். கேசட்டெல்லாம் காத்திருக்கட்டும், முதலில் போக வேண்டியது இந்தத் தட்டுகள்தான். படத்தைப் பார்த்துவிட்டு யாரிடம் கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.